கல்லறை மண்ணும் மாதா குளமும்

சென்ற பகுதியை 1783-ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கையோடு நிறுத்தியிருந்தோம். இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் பேசிய அந்த ஏட்டில் வில்லியனூர், பாகூர் என்ற நம் இரண்டு ஊர்களின் பெயரும் ஏறின. புதுச்சேரி என்ற கடலோரத்து நகரம் மட்டும் கையில் இருந்தால் போதாது, அதற்குச் சோறு போட வயலும் ஏரியும் வேண்டும் என்று பிரெஞ்சுக்காரர்கள் கேட்டு வாங்கிய பூமி இது. வரியையும் எல்லைத் தகராறையும் இந்த முறை ஒதுக்கி வைப்போம். அந்த உடன்படிக்கைக்குச் சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பின் வில்லியனூரில் எழுந்த மாதா கோயிலின் கதை, நம் வட்டாரத்தை உலகத்தோடு வேறொரு வழியில் இணைக்கிறது.

ஈஸ்டர் முடிந்த ஆறாம் நாள், சனிக்கிழமை, வில்லியனூர் லூர்தன்னை ஆலயத்தில் கொடி ஏறும். அடுத்தடுத்த நாட்களில் திருப்பலி, மறையுரை, தேர்பவனி என்று ஊர் விழாக்கோலம் பூணும். நிறைவு நாளில் பெரிய தேர் வரும். நேர்ந்துகொண்டு நடந்தே வருகிறவர்கள் உண்டு. ஆலயத்துக்கு எதிரே இருக்கும் திருக்குளத்தில் இறங்கிக் கால் நனைத்து, தலையில் நீர் தெளித்துக்கொண்டு, வீட்டில் படுத்திருக்கும் ஒருவருக்காகப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போகிறவர்களையும் பார்க்கலாம். பிரான்சின் லூர்து நகரிலிருந்து கொண்டுவரப்பட்ட நீர் இந்தக் குளத்தில் கலக்கப்பட்டிருக்கிறது.

கிறிஸ்தவ உலகத்தில் ஒரு திருத்தலம் என்றால் அங்கே பெரும்பாலும் ஒரு திருப்பண்டம் இருக்கும். புனிதர் ஒருவரின் எலும்பு, அவர் உடுத்திய துணி, அவரை வதைத்த கருவி என்று ஏதேனும் ஒன்று பேழையில் வைக்கப்பட்டு, அதற்கென ஒரு நாள் குறிக்கப்பட்டு, விழா நடக்கும். வில்லியனூரில் மக்கள் தேடி வருவது சுரூபத்தையும் நீரையும். திருச்சபையின் கணக்குப்படி இவை இரண்டுமே திருப்பண்டம் ஆகா. ஆனாலும் திருப்பண்டத்தின் நெடிய வரலாற்றுக்குள் வைத்துப் பார்த்தால்தான் வில்லியனூர் விழாவின் பொருள் விளங்கும் என்பது என் துணிபு. அந்த வரலாற்றின் மிகப் பழைய ஏடுகளில் ஒன்று இந்தியாவைப் பற்றியது என்பதால் நாம் அதிக தூரம் போக வேண்டியதில்லை.

தொடக்கத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகரத்து ஆயர் பொலிகார்ப் எரித்துக் கொல்லப்பட்டார். அவருடைய மக்கள் சாம்பலில் கிடந்த எலும்புகளைப் பொன்னைவிட மேலாக எண்ணிப் பொறுக்கி எடுத்து வைத்தார்கள். ஆண்டுதோறும் அந்த இடத்தில் கூடி, அவர் இறந்த நாளைப் பிறந்த நாளாகக் கொண்டாடவும் முடிவு செய்தார்கள். திருப்பண்டமும் திருநாளும் இப்படி ஒன்றாகவே பிறந்தன. 787-இல் நீசேயாவில் கூடிய பொதுச்சங்கம், திருப்பண்டம் இல்லாமல் எந்த ஆலயத்தையும் அர்ச்சிக்கக் கூடாது என்றே விதித்தது. இதற்கிடையே பேராசையும் புகுந்தது. போலி எலும்புகள் விலைபோயின. ஒரு மடத்தார் இன்னொரு மடத்திலிருந்து திருடியும் வந்தார்கள். திருப்பண்டத்தை விற்பது அறவே கூடாது என்று இன்றைய திருச்சபைச் சட்டமும் சொல்லிக்கொண்டிருப்பதற்கு அந்தப் பழைய காயம்தான் காரணம்.

இனி நம் பக்கம் வருவோம். மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட 'தோமையார் பணிகள்' என்ற நூல், இயேசுவின் சீடரான தோமையார் இந்தியாவுக்கு வந்து மஸ்தாய் என்ற அரசனின் ஆணையால் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்ததைச் சொல்கிறது. அதன் கடைசிப் பக்கங்களில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. தோமையாரைக் கொல்லச் சொன்ன அதே அரசனின் மகனைப் பேய் பிடித்துக்கொள்கிறது. அரசன் தோமையாரின் கல்லறையைத் திறக்கிறான். ஓர் எலும்பை எடுத்து மகன்மேல் கட்டினால் குணமாகும் என்பது அவன் நினைப்பு. கல்லறைக்குள் எலும்பு இல்லை. சீடர்களில் ஒருவர் அதை முன்பே மேற்கு நாட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அரசன் எலும்பு கிடந்த இடத்து மண்ணை அள்ளி மகனுக்குக் கட்டுகிறான். பையன் பிழைக்கிறான். கொன்றவன் மகனைக் கொல்லப்பட்டவரின் கல்லறை மண் காப்பாற்றுகிறது.

இதை நடந்த செய்தியாக யாரும் நிறுவ முடியாது. அந்த நூல் முழுவதுமே புனைவும் நினைவும் பின்னிய ஒன்று. ஆனால் அந்தக் கதை ஊன்றிய எண்ணத்தைக் கவனியுங்கள். இந்தியாவில் எலும்பு இல்லை, மண் இருக்கிறது, மண்ணே போதும். எலும்பு போய்ச் சேர்ந்த எதெஸ்ஸா நகரம் (இன்று துருக்கியில் உள்ள உர்ஃபா) அதைப் பெரும் பேறாகக் கொண்டாடியது. 394-இல் அது அங்கிருந்த பெரிய ஆலயத்துக்கு மாற்றப்பட்டது. எலும்பு எதெஸ்ஸாவுக்கு வந்து சேர்ந்ததன் நினைவுதான் ஜூலை 3. சிரியத் திருச்சபைகளும் கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவர்களும் அந்த நாளைத்தான் காலங்காலமாகக் கைக்கொண்டார்கள். டிசம்பர் 21-இல் தோமையார் திருநாளைக் கொண்டாடி வந்த ரோமும் 1969-இல் அவர்கள் வழிக்கு வந்தது. இன்று மயிலாப்பூரிலும் பரங்கிமலையிலும் தோமையார் திருநாள் என்று நாம் கொண்டாடுவது, நேராகச் சொன்னால், ஒரு திருப்பண்டம் நம் மண்ணைவிட்டுப் புறப்பட்டுப் போய்ச் சேர்ந்த நாளைத்தான்.

எலும்பு போனாலும் மண் வேலை செய்துகொண்டே இருந்தது. 1290-களில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, தோமையார் இறந்த இடத்துச் செம்மண்ணை யாத்திரிகர் எடுத்துச் செல்வதையும், முறைக் காய்ச்சல்காரர்களுக்கு அதைக் கொடுத்துக் குணமாவதையும் சொல்கிறார். கிறிஸ்தவர் மட்டுமன்றி இஸ்லாமியரும் அந்த இடத்தைப் போற்றி வந்தார்கள் என்றும் எழுதுகிறார். 1523-இல் போர்த்துக்கீசியர் மயிலாப்பூர்க் கல்லறையைத் தோண்டியபோது சில எலும்புகளும் ஈட்டி முனையும் ஒரு மண்பானையும் கிடைத்ததாகச் சாட்சியம் பதிவாகியிருக்கிறது. பானைக்குள் இருந்தது மண். யாரோ ஒருவர், எந்த நூற்றாண்டிலோ, மண்ணையே பானையில் அள்ளி அவரோடு பத்திரப்படுத்தியிருந்தார்.

இன்னும் தெற்கே ஓரியூர். மறவர் சீமையில் மறைபரப்பிய அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரிட்டோ 1693 பிப்ரவரி 4-இல் அங்கே பாம்பாற்றங்கரையில் தலை வெட்டுண்டார். அவர் ரத்தம் சிந்திய மணல் சிவந்தே இருக்கிறது என்பது மக்கள் நம்பிக்கை. இன்றுவரை ஓரியூருக்குப் போகிறவர்கள் ஒரு பிடி செம்மணலை முடிந்துகொண்டுதான் திரும்புகிறார்கள். 1947-இல் ரோம் அவரைப் புனிதராக அறிவிப்பதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த மணல் அவரைப் புனிதராக்கிவிட்டிருந்தது.

விவிலியம் படிக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. எலிசா இறைவாக்கினரைத் தேடிவந்த சிரியப் படைத்தளபதி நாமான், யோர்தான் ஆற்றில் ஏழுமுறை மூழ்கித் தொழுநோய் நீங்கினான். ஊருக்குத் திரும்பும்போது அவன் கேட்டு வாங்கிப் போனது இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவு மண். நீரில் குணமானவன் மண்ணைக் கொண்டு போனான்.

தேவமாதாவின் கதை இன்னும் வேறு. அவர் உடலோடு விண்ணகம் சேர்ந்தார் என்பது கத்தோலிக்கர், சிரியர், கிரேக்கர் எல்லாரும் கொண்ட நம்பிக்கை. ஆகவே மாதாவின் எலும்பு என்று உலகில் எங்கும் யாரும் காட்டுவதில்லை. அவர் பெயரால் போற்றப்படும் திருப்பண்டங்களில் முதன்மையானவை துணிகளே. கான்ஸ்டான்டினோபிள் நகரம் அவருடைய மேலாடைக்கென ஜூலை 2-ஐத் திருநாளாக்கியது. பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில் ஒரு முக்காடு உண்டு. இத்தாலியின் பிராத்தோவிலும் சிரியாவின் ஹோம்ஸ் நகரிலும் இடைக்கச்சை.

இந்த இடைக்கச்சைக் கதையில் நம் தோமையார் மறுபடி வருகிறார். மாதா விண்ணகம் சென்ற வேளையில் மற்றச் சீடர்களெல்லாம் கூடியிருக்க, இந்தியாவிலிருந்து வரவேண்டிய தோமையார் மட்டும் பிந்திவிட்டார். எப்போதும் சந்தேகப்படுகிற அந்த மனிதருக்கு அடையாளமாக மாதா தம் கச்சையை அவிழ்த்துக் கொடுத்தாராம். சிரியர்களின் மரபு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தோமையார் அந்தக் கச்சையோடு இந்தியாவுக்குத் திரும்பினார், அவர் எலும்போடு சேர்ந்தே அது எதெஸ்ஸாவுக்குப் போனது, பிறகு ஹோம்ஸ் வந்து சேர்ந்தது என்கிறது. 1953-இல் ஹோம்ஸ் ஆலயப் பீடத்தின் அடியிலிருந்து அது வெளியே எடுக்கப்பட்டது. 1982-இல் கேரளத்தின் மணர்காடு பள்ளிக்கு அதில் ஒரு துண்டு வந்தது. அந்த மரபை ஏற்கிறவர்களுக்கு அது வெறும் வருகையாகத் தோன்றாது; பழைய வீட்டுக்குத் திரும்பியதாகவே தோன்றும்.

பிரனே மலையடிவாரத்து லூர்து நகரில் எலும்பும் இல்லை, துணியும் இல்லை. 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை 18 முறை மாதாவின் காட்சி கண்டதாகச் சொன்ன பெர்னதெத் சூபிரூ, படிப்பறியாத 14 வயதுச் சிறுமி. மாவரைக்கும் தொழிலில் நொடித்துப்போன குடும்பம். முன்பு சிறையாக இருந்த ஒற்றை அறையில் வாழ்க்கை. பிப்ரவரி 25 அன்று, ஊற்றில் குடித்து முகம் கழுவும்படி தமக்குச் சொல்லப்பட்டதாக அவர் காட்சி கண்ட குகைக்குள் மண்ணைக் கையால் பறித்தார். வந்தது சேறு. அதையே அள்ளிக் குடிக்க முயன்றார், முகமெல்லாம் சேறு. கூடியிருந்தவர்கள் பைத்தியம் என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்கள். சேறு மெல்லத் தெளிந்து ஊற்றானது. அதே ஆண்டு தூலூஸ் நகரத்து வேதியியல் பேராசிரியர் ஃபியோல் அந்த நீரைச் சோதித்து, மருந்துக் குணமுள்ள உப்பு எதுவும் இதில் இல்லை, சாதாரணக் குடிநீர்தான் என்று அறிக்கை தந்தார். திருச்சபை அந்த அறிக்கையை மறுக்கவில்லை, இன்றும் மறுப்பதில்லை. நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் திருச்சபை முறையாகப் புதுமை என்று ஏற்றுக்கொண்ட குணமாதல்கள் எழுபதைச் சற்றே தாண்டும். அந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன். அதே சமயம், குணமாகாமல் திரும்பியவர்களில் பலரும் மறுபடி மறுபடி அங்கே போனதற்கு அந்த எண்ணிக்கையில் விடை இல்லை.

1862-இல் தார்ப் மறைமாவட்ட ஆயர் லோரான்ஸ் காட்சிகள் உண்மை என்று அறிவித்தார். 1866-இல் லூர்துக்கு ரயில் வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து, பிரான்சுக்கும் புதுச்சேரிக்கும் இடையிலான கடல்வழி சுருங்கியது. லூர்து பக்தி நம் ஊருக்கு வந்ததில் ரயிலுக்கும் கால்வாய்க்கும் பங்குண்டு. புதுச்சேரி மறைத்தளத்தில் பணியாற்றிய குருக்கள் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர்கள். 1868 முதல் அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஆயர் லவுவெனான். தங்கள் நாட்டின் ஒரு மூலையில் நடந்ததைக் கடிதத்திலும் பத்திரிகையிலும் படித்துப் பரவசப்பட்ட தலைமுறை அது. 1876-இல் வில்லியனூரில் லூர்தன்னைக்குக் கோயில் எழத் தொடங்கியது. 1877-இல் பிரான்சிலிருந்து சுரூபம் கப்பலில் வந்தது.

புதுச்சேரியில் அப்போது கப்பல் கரையணையும் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போடும். சரக்கையும் ஆளையும் படகில்தான் இறக்க வேண்டும். அலையில் படகு ஆடும்போது எத்தனையோ பெட்டிகள் உடைந்திருக்கின்றன. வரும் வழியில் சுரூபப் பெட்டி கீழே விழுந்தும் சிறு கீறல்கூட இல்லை என்பது வில்லியனூர் சொல்லிவரும் வரலாறு. ஊர் தன் மாதாவைப் பற்றிச் சொல்லும் முதல் புதுமை இது.

ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் மழை பொய்த்து, தானியம் ரயிலேறி வெளியே போய், தென்னிந்தியாவில் 50 லட்சம் பேருக்கும் மேல் மாண்ட காலம். பிரெஞ்சு எல்லையைச் சுற்றியிருந்த ஆர்க்காட்டுச் சீமைகளில் கிராமங்கள் காலியாயின. லவுவெனான் காலத்து மறைத்தளத்தில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றதும் இந்த ஆண்டுகளில்தான். கஞ்சிக்காக வந்தவர்கள் என்று அவர்களை இழித்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பசித்தவன் கஞ்சி ஊற்றிய இடத்தில் கடவுளைக் கண்டால் அதில் இழிவு எங்கே இருக்கிறது? தண்ணீருக்கு ஏங்கிய ஆண்டில் ஊற்றின் பெயரால் ஒரு தாய் வந்து சேர்ந்தாள் என்பதை அந்தத் தலைமுறை எப்படி உணர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

லூர்து நகருக்கு அடுத்தபடியாக இந்த அன்னைக்கு எழுந்த கோயில் வில்லியனூர்தான் என்று ஊரார் பெருமையாகச் சொல்வதுண்டு. பெல்ஜியத்தின் ஓஸ்தாக்கரில் 1875-இலேயே லூர்து குகை ஒன்று யாத்திரைத் தலமாகிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வரிசை எதுவானாலும், காட்சி நடந்து இருபது ஆண்டுகள் நிறையும் முன்பே லூர்து பக்தி சங்கராபரணி ஆற்றங்கரையில் வேர் பிடித்துவிட்டது. ரோம் பிப்ரவரி 11-ஐ லூர்தன்னை திருநாளாகத் திருச்சபை முழுவதற்கும் விதித்தது 1907-இல். வில்லியனூர் மாதாவுக்குத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் இசைவோடு 1886-இல் முடிசூட்டப்பட்டுவிட்டது. புதுச்சேரி உயர்மறைமாவட்டமானதும் அதே ஆண்டில்தான்.

குளத்துக்கு வருவோம். கோயில், தேர், குளம் மூன்றும் சேர்ந்தால்தான் தமிழனுக்கு ஊர்த் திருவிழா நிறையும். வில்லியனூர் அதை நன்றாக அறிந்த ஊர். திருக்காமீஸ்வரர் கோயில் தேரைப் பிரெஞ்சு ஆளுநர் வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம் உண்டு. இன்று துணைநிலை ஆளுநர் அதைத் தொடர்கிறார். ராம் பரதேசி சுவாமிகளின் ஜீவசமாதியும் இதே ஊரில்தான் இருக்கிறது. அருளாளர் ஒருவரின் உடல் அடங்கிய இடத்தில் விளக்கேற்றி, அங்கிருந்து திருநீறு எடுத்துப் போவது இந்த மண்ணுக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுக்கொடுத்ததில்லை. காசிக்குப் போகிறவர்கள் ராமேஸ்வரத்து மணலைக் கொண்டுபோய்க் கங்கையில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வதும் அப்படித்தான். ஒரு செம்புத் தண்ணீரில் ஒரு நதி முழுவதும் வந்துவிடும் என்று நம்பத் தெரிந்த மக்களுக்கு, லூர்து நீர் கலந்த குளத்தைப் பற்றி எந்தப் போதகரும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்திருக்காது. பானைப் பாலுக்கு ஒரு கரண்டி உறைமோர் போல அவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

திருச்சபை இங்கே எச்சரிக்கையாகத்தான் பேசும். நீருக்குத் தனியே சக்தி இல்லை, குணமாக்குவது இறைவன், நீர் ஞானஸ்நானத்தை நினைவூட்டும் அடையாளம் என்று மறையுரையில் சொல்வார்கள். பெர்னதெத்தும் அதையேதான் சொன்னார்: நம்பிக்கையும் வேண்டுதலும் இல்லாவிட்டால் அந்த நீரால் பயனில்லை என்று. நான் அந்த மறையுரையை ஏற்கிறேன். ஆனால் காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் அந்த நீரைத் தொட்டு வைக்கும் தாயின் கைக்கு இந்த வேறுபாடெல்லாம் தேவைப்படுவதில்லை. மகனுக்குக் கல்லறை மண்ணைக் கட்டிய மஸ்தாய் அரசனும் அவளும் நிற்கும் இடம் ஒன்றுதான்.

வில்லியனூரில் திருப்பண்டமாக எலும்பு ஏன் இல்லை என்பதற்கு ஆண்டுக் கணக்கிலேயே ஒரு விடை இருக்கிறது. 1877-இல் இங்கே சுரூபம் வந்து இறங்கியபோது பெர்னதெத் உயிரோடு இருந்தார். 1866-இல் நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர், பிறகு லூர்துக்குத் திரும்பவே இல்லை. 1876-இல் அங்கே பெரும் கூட்டம் கூடி மாதாவுக்கு முடிசூட்டிய விழாவுக்கும் அவர் போகவில்லை. ஆஸ்துமாவும் எலும்புருக்கியும் அவரைத் தின்றுகொண்டிருந்தன. தாம் கையால் பறித்த ஊற்றின் பெயரால் வங்கக் கடலோரத்தில் ஒரு கோயில் எழுந்ததை அந்தப் பெண் அறிந்திருப்பாரோ என்னவோ. 1879 ஏப்ரல் 16-இல், 35 வயதில், அவர் இறந்தார். 1925-இல் முத்திப்பேறு பட்டம் கொடுக்கும் வேளையில்தான் அவர் உடலிலிருந்து திருப்பண்டங்கள் எடுக்கப்பட்டன. 1933-இல் புனிதர் பட்டம். அதற்குள் வில்லியனூர் அரை நூற்றாண்டுக்கு மேல் விழாக் கொண்டாடிவிட்டது.

பெர்னதெத் மறைந்த அதே 1879-இன் கடைசியில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. வழியில் வில்லியனூருக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. பிரெஞ்சு எல்லைக்கு அப்பாலிருந்த ஆர்க்காட்டுக் கிராமங்களின் யாத்திரிகர்கள் அதன் பிறகு வண்டி கட்டாமலும் வில்லியனூர் வந்து இறங்க வழி பிறந்தது. மூன்று மாதம் கழித்து, 1880 மார்ச் 12-இல், பாரிஸில் கையெழுத்தான ஓர் ஆணை வில்லியனூரையும் பாகூரையும் தனித்தனி கொம்யூன்களாக்கி அங்கே நகரசபைத் தேர்தலையும் கொண்டுவந்தது. வாக்குரிமையை யார் யாருக்குப் பங்கிட்டார்கள், எத்தனை பட்டியல்கள் போட்டார்கள் என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.